எருக்கம்பாலும் எஸ்தர் அக்காவின் கோபமும்

எஸ்தர் மேடம் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர், அவருடைய ஆய்வைத் திருடிய மனிதர். மீஞ்சூரில் ரயில் நின்றபோது துறையின் வாட்ஸ்அப் குழுவில் அது வந்தது. காய்ச்சலோடு மருத்துவமனையில் இருந்த பேராசிரியர் எஸ்தர் காலையில் காலமானார், ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று எழுதி, கைகூப்பும் படம் ஒன்றும் போட்டிருந்தார் எங்கள் துறைத்தலைவர். எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம்.

துறையில் உள்ள உங்களில் பலருக்கு அவர் பூச்சியியல் பேராசிரியர். நான் அவருடைய ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் வேலை செய்த இடம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையின் பின்பக்கச் சுவர். அதை ஒட்டி எருக்கஞ்செடிகள் கரி படிந்து நிற்கும். இலையைக் கடிக்கும் பூச்சியின் வாயை எருக்கம்பால் பசைபோல ஒட்டிவிடும். ஒரு வரிப்புழு மட்டும் முதலில் இலையின் நடு நரம்பைக் கடித்து அறுக்கும். பால் வடிந்து இலை தொங்கிய பிறகு சாவகாசமாகத் தின்னும். அதிகம் பால் சுரக்கும் செடி தப்பிப் பிழைத்து அதிகம் விதை விடுகிறதா, தலைமுறை தலைமுறையாகப் புழு செடியையும் செடி புழுவையும் எப்படி மாற்றுகின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்காக மூன்று வருடம் வெயிலில் உட்கார்ந்தோம்.

“இன்னாம்மா, தெனம் எருக்கஞ்செடி முன்னாடி குந்திக்கினு கீறீங்க, வேண்டுதலா?” என்று ஒருநாள் ஆலையின் வாட்ச்மேன் கேட்டார்.

“புழு நாஷ்டா துன்னுதுண்ணே. பந்தில பாதில எழுப்ப முடியுமா?” என்றார் மேடம்.

மேடம் அந்த ஊர்க்காரர். வயல்கூலிக் குடும்பம். வகுப்பில் அளந்து பேசுகிறவர், சுவரோரம் வந்துவிட்டால் இப்படித்தான். அங்கே நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். “செடியால எழுந்து ஓட முடியாது கலா. அதான் கோவத்த பாலாக்கி உள்ள வெச்சிக்கினு கீது” என்று அங்கேதான் சொன்னார்.

அவருக்கு ஒரே சட்டம், இலையைப் பறிக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது தெரியாமல் நான் ஒரு பை நிறையப் பறித்துப் போய்ப் பெட்டியில் புழுக்களுக்குப் போட்டேன். அவை நரம்பைத் தொடவே இல்லை, நேராகத் தின்றன. பறித்த இலையில் பாலின் வேகம் போய்விடும், அறுக்க வேண்டிய அவசியமே இல்லை. அக்கா திட்டவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார்.

போன மாதம் துறைத்தலைவரின் கட்டுரை ஓர் ஆய்விதழில் வந்தது. எங்கள் படங்கள், எங்கள் அட்டவணைகள், அவர் பெயர் மட்டும். அக்கா போய்க் கேட்டதற்கு, “எல்லாம் துறையோட வேலைதானேம்மா, இதுல உன்னுது என்னுதுன்னு பிரிக்கணுமா?” என்றாராம்.

திரும்பி வந்து கட்டுரையை முழுதாகப் படித்த அக்கா திடீரென்று மேசையைத் தட்டினார். இலைகளைப் பறித்து வந்து ஆய்வகத்துப் பெட்டிகளில் வைத்ததாகவும், அங்கே புழுக்கள் நரம்பை அறுத்ததாகவும் அதில் எழுதியிருந்தது. சுவர்ப்பக்கம் ஒருநாளும் வராதவர் வேறு எப்படி எழுதுவார்?

“மாட்டிக்கினாருடி! பறிச்ச எலைல அறுக்க வெச்சிக் காட்டச் சொல்லு அந்தாள!”

அன்றே ஆய்விதழுக்கு மறுப்பு எழுதத் தொடங்கினார். பாதியில் காய்ச்சல் வந்தது.

படத்திறப்பு அன்று அவருடைய படத்தைத் திறந்துவைத்தவரும் துறைத்தலைவர்தான். “எஸ்தர் யாரையும் வெறுத்ததில்லை, எல்லாரையும் மன்னித்தவர்” என்றார். நீங்கள் பலர் தலையசைத்தீர்கள். அது பொய். “சர்ச்சுல மன்னிக்கச் சொல்றாங்க. நான் ரெடி. மொதல்ல அந்தாளு வந்து கேக்கட்டும்” என்று அக்கா என்னிடம் சொன்னார். அந்தாள் வரவில்லை. ஆய்வை எடுத்துக்கொண்டது போதாமல், அவருடைய கோபத்தையும் எல்லார் முன்னாலும் எடுத்துக்கொண்டார்.

டீ குடிக்கும்போது என்னிடம் வந்தார். “கலா, எஸ்தரோட நோட்டு, போட்டோ எல்லாம் நாளைக்கு என் ரூம்ல வெச்சிடும்மா. நினைவு மலர் போடலாம்.”

“தர மாட்டேன் சார்.”

“ஏன்?”

“மேடம் வேலை இன்னும் முடியல.”

“உன் காண்ட்ராக்ட் எப்பம்மா முடியுது?”

“அடுத்த மாசம் சார்.”

மறுப்பின் மீதியை நான் எழுதினேன். செடியிலேயே இருந்த இலைகளின் படங்களையும், அக்கா தேதி போட்டு எழுதிய பக்கங்களையும் இணைத்தேன். முதலில் அவர் பெயர், அடுத்து என் பெயர். நேற்று ஆய்விதழுக்கு அனுப்பியாயிற்று. துறையில் எல்லாருக்கும் நகல் வரும், சார் உங்களுக்கும்.

குறிப்பேடுகளை அக்காவின் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டேன். எனக்கென்று வைத்துக்கொண்டது அவருடைய கோபம் ஒன்றுதான். அடுத்த மாதம் எனக்கு வேலை இருக்காது. அது ஆறிவிடாமல் பார்த்துக்கொள்ள நிறைய நேரம் இருக்கும்.