பாடு நாளும் ஒரு ரகசிய வார்த்தையும்

எழுபத்தொன்பதாம் வருஷம் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதைத் தொடவே பயந்து நின்ற ஆம்பிளைகள் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள் அஞ்சம்மாள். பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவக் குப்பத்துப் பெண், பொன்னேரியில் டைப்பிங் படித்தவள். பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம்.

ஆலையில் வேலை செய்கிறவர்களின் வருகைக் கணக்கு அவள் பொறுப்பு. அதைத் திருத்த அவளுடைய ரகசிய வார்த்தையைத் தட்ட வேண்டும். எங்கும் எழுதி வைக்கக்கூடாது, அடிக்கடி மாற்ற வேண்டும் என்று மேனேஜர் தணிகாசலம் கறாராகச் சொல்லியிருந்தார். மாற்றிக்கொண்டே இருந்தால் ஞாபகத்தில் நிற்க வேண்டாமா? அதற்கும் வழி கண்டுபிடித்தாள். ஏரியில் எந்தக் குடும்பம் எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைத்திருந்தது. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வடக்குப் பாடு, நடுப் பாடு, முகத்துவாரப் பாடு என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பேர். தன் வீட்டுக்கு அடுத்து எந்தப் பாடு வருகிறதோ, அதுதான் அவள் வார்த்தை. எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒரு வெள்ளிக்கிழமை தணிகாசலம் அவளைக் கூப்பிட்டார். ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் முனிகிருஷ்ணன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அவன் அந்த மாசத்தில் மூன்று நாள் வேலைக்கு வரவே இல்லை என்று வாட்ச்மேன் சத்தியம் செய்கிறான். கம்ப்யூட்டரோ மூன்று நாளும் வந்ததாகச் சொல்கிறது. திருத்தியிருப்பது அஞ்சம்மாளின் வார்த்தை.

"அண்ணனுக்காக நீதான் பண்ணிகிற. வேற யாருக்கும்மா அந்த வார்த்த தெரியும்? இன்னிக்கே உன் சீட்டக் கிழிச்சிடுவேன்."

அப்பாவோடு மல்லுக்கட்டி வந்த வேலை இது. அந்த மூன்று நாள் எவை என்று பார்த்தாள். மூன்றும் அவர்கள் வீட்டுப் பாடு நாட்கள். அப்பாவுக்குக் கால் வீங்கியதிலிருந்து வலைக்குப் போகிறவன் அண்ணன்தான். போகாவிட்டால் முறை போச்சு. ஏரிக்குப் போய்விட்டு மறுநாள் வந்து, அந்தக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஸ்டோர்ஸில் வைத்திருந்த இன்னொரு திரையில் அவள் வார்த்தையைத் தட்டியிருக்கிறான். அடச்சே, வீட்டில் அவளே பீற்றிக்கொண்ட வித்தைதானே; ஆலைக்குத் தெரியாத வார்த்தை குப்பத்துக்கே தெரிந்த வார்த்தை அல்லவா? தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"நாளிக்கு எங்க ஊட்டுப் பாடு சார்," என்றாள். "திங்கக்கெழம காலைல என் பக்கத்துல வந்து ஒக்காருங்க. அப்புறமா சீட்டக் கிழிங்க."

வார்த்தையை மாற்றினாள். இந்தத் தடவை ஏரிக்கும் வலைக்கும் சம்பந்தமே இல்லாத ஒன்று.

திங்கட்கிழமை தணிகாசலம் காபியை ஆறவிட்டுக் காத்திருந்தார். திடீரென்று பிரின்டர் கடகடத்தது. ஸ்டோர்ஸிலிருந்து யாரோ அஞ்சம்மாள் பேரில் நுழையப் பார்க்கிறார்கள். நடுப் பாடு: தவறு. வடக்குப் பாடு: தவறு.

இருவரும் ஸ்டோர்ஸுக்குப் போனபோது முனிகிருஷ்ணனின் விரல் இன்னும் கீபோர்டில் இருந்தது.

"வார்த்தைய மாத்திக்கினியா? ஒரே ஊட்ல இருந்துக்கினு என்னாண்ட சொல்லக் கூடாதா?"

"உன்னால என் வேலையே போவ இருந்துச்சிண்ணா." அவன் கையைக் கீபோர்டிலிருந்து தள்ளிவிட்டாள். "லீவு கேட்டா இன்னா?"

"கேட்டா குடுத்துடுவாங்களா?"

அஞ்சம்மாள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கெழம லீவ பாடு நாளுக்கு மாத்திக் குடுங்க சார். எங்க அண்ணனுக்கு இந்தத் திருட்டுத்தனமே தேவப்படாது."

தணிகாசலம் முனிகிருஷ்ணனை இரண்டு வாரம் சஸ்பெண்ட் செய்தார். திரும்பி வந்தபோது பாடு நாளில் லீவும் கொடுத்தார். அஞ்சம்மாளின் சீட்டை யாரும் கிழிக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அவள் கிளம்பும்போது தணிகாசலம் மெதுவாகக் கேட்டார். "புது வார்த்த இன்னாம்மா? எனக்காவது சொல்லி வை."

அஞ்சம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"உங்களுக்குச் சொன்னா, அடுத்த வாட்டி தப்பு நடக்கறப்ப உங்க மேலயும் சந்தேகப்படணும் சார்."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் படியிறங்கிப் போய்விட்டாள். அவர் அதற்கப்புறம் கேட்கவே இல்லை.