மாமா டிரைவர் வாங்கிய கதை

என் மாமனாருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்தப் பொருளுக்கும் 'நம்ம ஆள்' என்று ஒருவர் இருந்தாக வேண்டும். சட்டைக்கு நம்ம டெய்லர், பல்லுக்கு நம்ம டாக்டர், முந்திரிக்குக் குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும் நம்ம ஆள், மீனுக்குத் தேவனாம்பட்டினத்திலிருந்து கூடையோடு வரும் நம்ம மீன்காரம்மா. சுனாமிக்குப் பிறகு அந்தம்மா மாதக்கணக்கில் வரவில்லையாம். அவர் திரும்பி வரும்வரை இந்த வீட்டில் மீன் குழம்பே கிடையாதாம். மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டவர்களிடம் மாமா, "அவுங்க வருவாங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகிக் கடலூருக்கு வந்த புதிதில் என் கணவர் இதைச் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தப் பிடிவாதத்தோடு மல்லுக்கட்டும் வேலை எனக்கே வந்து சேரும் என்று அப்போது தெரியாது.

சுனாமி முடிந்து நாலைந்து வருஷம் இருக்கும். என் கணவர் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் மாமாவும் நானும்தான். அத்தை எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காய்ச்சலில் இறந்துவிட்டார். அப்போது மாமா வெளியூரில் வேலையில் இருந்தார். அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை விடுமுறை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குக் கணவர் வீடியோ சாட்டில் வருவார். அதற்காகத்தான் வீட்டுக்குக் கம்ப்யூட்டரே வந்தது. கடலூரில் கடையா இல்லை? ஆனால் மாமா அதைச் சிதம்பரத்தில்தான் வாங்கினார். நான் பிறந்த ஊர் என்ற பாசமெல்லாம் இல்லை. கீழ வீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர், மாமாவோடு வேலை பார்த்தவருடைய மகன். மதர்போர்டிலேயே இருந்த டிஸ்ப்ளே ஒருநாள் பழுதாகிவிட, அவர்தான் திரையில் படம் காட்டுவதற்கென்று தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டைச் செருகிக் கொடுத்தார். கம்ப்யூட்டருக்கும் நம்ம ஆள் கிடைத்துவிட்டார்.

ஒரு புதன்கிழமை கணவர் போன் செய்தார். வேலையில் சின்ன அடி, ஒன்றுமில்லை என்றார். மாமா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"எங்கடா அடி?"

"கையிலப்பா. லேசாத்தான். ஒன்னுமில்ல."

மாமா போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "வெள்ளிக்கெழம நேர்ல பாத்துடுவோம்" என்றார். அன்றைக்கு ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கும் மனசு கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தேன். சாட் சாஃப்ட்வேர் தானாகவே புதுசாகியிருந்தது. வீடியோ கட்டத்தில் என் முகம் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. கீழே, உங்கள் டிஸ்ப்ளே டிரைவர் பழசு, புதுசு போடுங்கள் என்று ஒரு வரி. டிரைவர் என்பது அந்த கார்டை வேலை வாங்குகிற சாஃப்ட்வேர், அதில் புதுசு போட்டால்தான் படம் தெரியும் என்று மாமாவுக்கு விளக்கினேன்.

"அப்ப நாளைக்கி செதம்பரம் போவோம்" என்றார்.

"நெட்லயே எடுத்துக்கலாம் மாமா. காசுகூட கெடையாது."

அதுதான் வினையாகிவிட்டது. "யாருன்னே தெரியாதவன் எதுக்கும்மா சும்மா தர்றான்?"

நான் விடுவேனா? தேடிக் காட்டினேன். வரிசையாக வந்து நின்றன இணையதளங்கள். எல்லா டிரைவரும் எங்களிடம் உண்டு என்றது ஒவ்வொன்றும். ஒரே பக்கத்தில் மூன்று பச்சைப் பொத்தான்கள், மூன்றிலும் டவுன்லோடு. எது நிஜம், எது விளம்பரம் என்று எனக்கே பிடிபடவில்லை. போதாததற்கு, உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது என்று ஒரு சிவப்புப் பெட்டி மின்னி மின்னி மிரட்டியது. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இவன் எந்த ஊரு? கட எங்க வச்சிருக்கான்?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பதில் தெரிந்திருந்தால் வந்திருக்காது.

வியாழக்கிழமை பஸ்ஸில் சிதம்பரம் போனோம், ஒரு பொட்டலம் முந்திரியோடு. கடைக்காரருக்கு மாமாவைப் பார்த்ததில் அப்படி ஒரு சந்தோஷம். டீ வந்தது, குசலம் விசாரித்து முடிந்தது. பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு சிடியை எடுத்து நீட்டினார்.

"பெரியப்பா, இதுல எல்லா டிரைவரும் இருக்கு. எந்த கார்டா இருந்தாலும் ஓடும்."

மார்க்கரில் எழுதியிருந்த அந்தக் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "இதே சிடி எங்க வூட்லயும் இருக்குதே?" என்றேன்.

"அது பழசுக்கா. இது போன வாரம் போட்ட காப்பி."

பழைய டிரைவருக்குப் புது காப்பி! நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாமாவோ அதைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான், கார்டின் சரியான பெயராவது தெரியட்டும் என்று, எங்கள் கார்டு வந்த மாதிரிக் காலிப் பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, ஒன்றை வாங்கிக்கொண்டேன். கடலூர் வரும்வரை அந்தப் பெட்டி மாமாவின் மடியில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாகச் சிடியைப் போட்டேன். கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி வந்தது. வீடியோ கட்டம் அதே கறுப்பு. அப்பவே சொன்னேன்ல என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மாமாவின் முகத்தைப் பார்த்தேன், விழுங்கிவிட்டேன். இன்னும் சில மணி நேரத்தில் அவர் மகன் வீடியோவில் வந்துவிடுவார், இவர் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ரெண்டு கம்பெனி பேரு இருக்கே. செஞ்சது யாரு?"

"பெருசா போட்டிருக்கவங்க கார்டா சேத்து விக்கிறவங்க மாமா. ஓரத்துல சின்னதா இருக்கு பாருங்க, அவுங்கதான் உள்ள இருக்கிற சிப்பு செஞ்சவங்க. டிரைவர் எழுதுறதும் அவுங்கதான். மத்தவங்க எல்லாம் அவுங்ககிட்டேர்ந்து எடுத்து வச்சிருக்கவங்க. அவுங்களுக்குன்னு சொந்தமா சைட்டு இருக்கு."

மாமா அந்தச் சின்னப் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். "அப்ப இவுங்கதான் படகு வச்சிருக்கவங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் நம்ம மீன்காரம்மா ஞாபகத்துக்கு வந்தார். அந்தம்மா வீட்டுக்குச் சொந்தப் படகு உண்டு. வீட்டுக்காரர் பிடித்து வருவதை அவரே கூடையில் கொண்டுவருவார். கைமாறி வந்த மீன் மாமாவுக்கு ஆகாது.

"ஆமா மாமா, அவுங்கதான்."

"அங்கயே எடும்மா. இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

இரண்டு நாளாகத் தொண்டை வற்றக் கத்தியவள் நான். தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த சைட்டில் பச்சைப் பொத்தான் கூட்டமெல்லாம் இல்லை. கார்டின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் ஒரே ஒரு டிரைவரைக் காட்டியது. பாதி இறங்குவதற்குள் கரண்ட் போனது. வழக்கமான மின்வெட்டு நேரம்தான், எனக்குத்தான் மறந்துவிட்டது. கரண்ட் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எவ்வளவு இறங்கியது என்று காட்டும் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இருக்கிற கரண்டைக் கம்ப்யூட்டரே எடுத்துக்கொள்ளட்டும் என்று ஃபேனை வேறு நிறுத்திவிட்டார். வேர்த்து வழிந்தது. டிரைவரைப் போடும்போது திரை ஒரு கணம் இருண்டது. "போச்சா?" என்றார். போகவில்லை. வீடியோ கட்டத்தில் எங்கள் இரண்டு பேர் முகமும் பளிச்சென்று தெரிந்தது, வேர்வையோடு.

கணவர் வந்தார். "என்னப்பா, சாப்டாச்சா?" என்று சிரித்தார்.

"எழுந்து நில்லுடா."

"எதுக்குப்பா?"

"நில்லு."

நின்றார். வலது தோளிலிருந்து ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"துண்ட எடு."

முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை மாவுக்கட்டு. அதுதான் அவர் சொன்ன லேசான அடி. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"வெரல அசை" என்றார் மாமா.

படம் அந்த நேரம் பார்த்து நின்றுபோனது. பிறகு நகர்ந்தது. விரல்கள் எல்லாம் அசைந்தன.

"இன்னொரு தடவ."

மறுபடியும் அசைந்தன. மாமா எழுந்து தோட்டத்துக் குழாய்க்குப் போய் முகம் கழுவிக்கொண்டு நெடுநேரம் நின்றார். அதற்குள் நான் கணவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன்.

சாட் முடிந்ததும் மாமா செய்த முதல் காரியம் சிதம்பரத்துக்குப் போன் போட்டது. "தம்பி, படம் நல்லா வருதுப்பா. ஒன்னோட சிடிதான். ரொம்ப சந்தோசம்." நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். போனை வைத்துவிட்டு, "அவன் மனசு கஷ்டப்படும்லம்மா" என்றார்.

சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, நிமிராமல் சொன்னார்.

"ஒங்க அத்தயும் போன்ல ஒன்னுமில்லன்னுதான் சொன்னா. நானும் சரின்னு வேலையப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். அந்த மனுஷர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த பாசம் பிறகு குறையவே இல்லை.

என் கணவர் ஊர் திரும்பும்வரை எல்லா வெள்ளிக்கிழமையும் இதுதான் வழக்கம். வீடியோ வந்ததும் அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து நிற்பார். இரண்டு கையையும் நீட்டி விரல்களை அசைப்பார். ஜவுளிக்கடைப் பொம்மை மாதிரி ஒருதரம் சுற்றிக் காட்டுவார். மாமா தலை முதல் கால் வரை பார்ப்பார். "சரி, ஒக்காரு" என்பார். அதற்குப் பிறகுதான் என் முறை வரும்.