குறை எனக்குத்தான்

எனக்குக் கட்டி வைத்தது அக்காவின் மூத்த மகளை. எங்களுக்குள் அது வழக்கம்தான். என் அப்பாவும் தன் அக்கா மகளைத்தான் கட்டியிருந்தார். கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் பிள்ளை இல்லை. பேச்செல்லாம் என் மனைவி மேல்தான் விழுந்தது. அவளுக்கு மாதம் தள்ளித் தள்ளி வரும், அதனால் அவளும் தன்னைத்தான் நொந்துகொண்டாள். நான் குறிஞ்சிப்பாடியில் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். நல்ல உடம்பு, பெரிய மீசை. என்னை யாரும் சந்தேகப்படவில்லை.

2009-ல் கடலூரில் ஒரு டாக்டர்தான் முதலில் என்னையும் சோதிக்க வேண்டும் என்றார். விந்தில் உயிரணுவே இல்லை. விதையிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு தெரியும் நாளில் அவளுக்குக் காய்ச்சல். நான் மட்டும் போனேன்.

"அப்பா அம்மா வழியா நமக்கு வர்ற குரோமோசோம்லாம் நூல் மாதிரி இருக்கும். உயிரணு உண்டாகும்போது அதுங்க ஜோடி சேந்து, துண்டு துண்டா மாத்திக்கணும். அத வெட்டி ஒட்டி விடறதுக்குன்னு சில புரதம் இருக்கு. உங்களுக்கு அதுல ஏதோ ஒன்னு வேல செய்யலன்னு நெனைக்கிறேன். எதுன்னு இங்க கண்டுபிடிக்க வசதியில்ல. மாத்திக்க முடியாத செல்லு பாதியிலயே செத்துப்போவுது," என்றார் டாக்டர்.

"மருந்து?" என்றேன், மேசையைப் பார்த்தபடி.

"இல்லைங்க. சொந்தத்துலயே கட்டுற குடும்பத்துல இது வர வாய்ப்பு ஜாஸ்தி. உங்க வீட்டம்மா மேல தப்பு சொல்லாதீங்க."

அன்றே அவளிடம் சொன்னேன். அவள் அழுதாள், ஒன்றும் கேட்கவில்லை. நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் அக்கா எங்களைச் சிதம்பரத்துக்கு வரச் சொன்னாள். போனால் கூடம் நிறையச் சொந்தக்காரர்கள், நடுவில் வெற்றிலைத் தட்டு. அக்கா புருஷன் விஷயத்தைச் சொன்னார்: "சின்னவள வெளிய குடுத்து என்னா பண்ணப் போறோம்? மாப்ளைக்கே குடுத்துட்டா அக்கா தங்கச்சி ஒரே வூட்ல இருந்துட்டுப் போறாளுவ."

சின்னவள் அப்போது டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணையும் கொண்டுவந்து என் வீட்டில் மலடி ஆக்கப் போகிறார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாத நான் எழுந்தேன்.

"மாமா, கொற எனக்குத்தான். டாக்டரே சொல்லிட்டாரு. எத்தன கட்டுனாலும் பொறக்காது."

கூடமே சிரித்தது.

"பாத்தியா, பொண்டாட்டிய வுட்டுக் குடுக்க மாட்டேங்கறான் என் தம்பி," என்றாள் அக்கா பெருமையாக.

நூல், ஜோடி, புரதம் என்று எனக்கு நினைவிருந்ததையெல்லாம் சொன்னேன். அஞ்சாவது படித்தவன் வாயில் அது எப்படி வந்திருக்குமோ.

"புரதந்தானே மச்சான்? தெனம் நாலு முட்ட குடி, கறி துன்னு. எல்லாம் சரியாப் பூடும்," என்றார் அக்காவின் கொழுந்தன்.

"அதில்ல மச்சான் இது..."

"வெக்கப்படறாரு. தட்ட மாத்துங்கப்பா," என்றார் அக்கா புருஷன்.

அவர்கள் தட்டைத் தூக்கியும் விட்டார்கள். நான் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே நின்றேன். சொல்லச் சொல்ல அது சம்மதம் மாதிரியே அவர்களுக்குக் கேட்டது.

அப்போது உள்ளேயிருந்து சின்னவள் வந்தாள். "அவரு சொல்றது நெசமோ பொய்யோ, எனக்கு அது வேணாம். எங்க அக்கா தட்டுல நான் சோறு துன்ன மாட்டேன். மீறி தட்டு மாத்துனீங்க, போலீசுக்குப் போவேன்."

அதோடு பேச்சு நின்றது. என் வார்த்தையால் அல்ல. புறப்படும்போது அக்கா என் மனைவியிடம், "நீதாண்டி இவனுக்குச் சொல்லிக் குடுத்து இட்டாந்திருக்கே," என்றாள்.

பஸ் புவனகிரி தாண்டிய பிறகு என் மனைவி வாய் திறந்தாள். "எனக்காக இனிமே நாலு பேரு முன்னால அப்பிடிச் சொல்லாத மாமா. ஆம்பளைக்கு அசிங்கம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்காகச் சொல்லலடி. நெசமாவே அப்பிடித்தான். வா, நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம், நீயே கேளு."

"சரி மாமா, சரி," என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள். அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்கிற மாதிரி.

பஸ்ஸில் கூட்டம் இருந்ததால் நான் கத்தவில்லை.