வலிப்பு மேசை

பூந்தமல்லியைத் தாண்டி ஒரு பார்மசி கல்லூரியில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். படிப்பு பத்தாவது வரைக்கும்தான். கூண்டில் உமி மாற்றுவேன், தண்ணீர் பாட்டில் கழுவுவேன், தீனி போடுவேன். மாணவர்கள் ஊசி போடும்போது எலியை அசையாமல் பிடித்துக் கொடுப்பேன். யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதாலேயே இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையைத் தவறாமல் போட்டு, நன்றாகத் தூங்கினால் வராது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் மாமியார் வீட்டில் விழுந்தேன். மறுநாளே அண்ணனுக்குப் போன் போட்டு வரச்சொல்லி, என்னையும் என் பெட்டியையும் வாசலில் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்பத்தூரில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். அங்கேயும் விழுந்தேன், அனுப்பிவிட்டார்கள். அதனால் கல்லூரியில் சேரும்போது இதை யாரிடமும் சொல்லவில்லை.

இருப்பது நெமிலிச்சேரியில், அண்ணன் வீட்டில். வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில் அண்ணி சொன்னாள்.

"இதையும் தொலைச்சிட்டு வந்து ஊட்ல குந்திக்காத. எனக்கு ரெண்டு பொண்ணு கீது. ஊட்ல ஒரு வலிப்புக்காரி கீறான்னு தெரிஞ்சா எவன் பொண்ணு கேட்டு வருவான்? பகல்ல வெளியவே இரு, உனக்குப் புண்ணியமாப் போவும்."

அந்த வருஷம் ஒரு மாணவி ஏதோ ஒரு செடியின் இலைச்சாறு வலிப்பை நிறுத்துமா என்று ஆராய்ச்சி செய்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் இருந்தாள். எலிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தாள். ஒரு கூட்டத்துக்கு அந்த இலைச்சாறு. ஒரு கூட்டத்துக்கு வலிப்புக்கு ஏற்கெனவே உள்ள மருந்து. இன்னொரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர். மருந்துப் புட்டியில் இருந்த பெயரை இரண்டு தடவை படித்தேன். நான் தினமும் விழுங்குகிற மாத்திரையின் பெயர் அது.

மேசை மேல் ஒரு மெஷின் இருந்தது. அதிலிருந்து இரண்டு ஒயர், ஒயர் நுனியில் கிளிப். கிளிப்பை உப்புத் தண்ணீரில் நனைத்து எலியின் இரண்டு காதிலும் மாட்ட வேண்டும். மாணவி பட்டனை அமுக்குவாள். நான் கையை விட்டுவிட வேண்டும். எலி ஒரு கணம் சுருண்டுகொள்ளும். பிறகு பின்னங்கால் இரண்டும் குச்சி மாதிரி பின்னால் நீளும். பிறகு உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுக்கும். பிறகு துணி மாதிரி கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை வினாடி என்று மாணவி ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்பாள்.

எனக்கு வலிப்பு வரும்போது நான் அங்கே இருப்பதில்லை. விழுந்தது தெரியும், எழுந்தது தெரியும். நடுவில் என்ன நடக்கிறது என்பதை நான் முதன்முதலில் பார்த்தது அந்த மேசையில்தான். இதைப் பார்த்துத்தான் அவர்கள் என்னை வாசலில் வைத்தார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

என்னோடு வேலை செய்பவர் பூந்தமல்லிக்காரர், என்னைவிட மூத்தவர். அவருக்கு அது வேடிக்கை.

"பாரும்மா, மேளம் அடிக்காமலே இன்னா குத்து குத்துது! நம்ம ஏரியா சாவுக்கு இட்டுக்கினு போலாம்."

மாணவிகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே.

தண்ணீர் மட்டும் கொடுத்த கூட்டத்தில்தான் சாவு அதிகம். "அக்கா, கன்ட்ரோல்ல ஒன்னு எடுங்க" என்பாள் மாணவி. நான் அந்தக் கூண்டுக்குள் கையை விடுவேன். தீனி போடுகிற கை என்று எல்லாம் ஓடிவந்து மோந்து பார்க்கும். எது முதலில் வந்ததோ அதைத் தூக்கிக் கொடுப்பேன். பயந்து மூலையில் ஒண்டியிருப்பது இன்னொரு நாள் உயிரோடு இருக்கும். மருந்தில் பிழைத்ததும் கடைசியில் பிழைக்காது. எல்லாவற்றையும் கொன்று மூளையை எடுத்து அரைத்துப் பார்ப்பார்கள். அதற்கு அங்கே 'சாக்ரிபைஸ்' என்று பெயர். கொல்வது என்று நான் ஒருமுறை சொன்னதற்கு மாணவி முகம் சுளித்தாள்.

அந்தச் சமயத்தில் அண்ணனின் மூத்த மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். சபையில் நான் நிற்கக் கூடாது என்று பின்பக்கம் பாத்திரம் கழுவ உட்காரவைத்தாள் அண்ணி. இரண்டு ராத்திரி தூக்கமில்லை. மறுநாள் லீவு கேட்கப் பயந்து வேலைக்குப் போனேன். எலியின் காதில் கிளிப்பை மாட்டியது ஞாபகம் இருக்கிறது. வாயில் இரும்பு ருசி வந்தது. அவ்வளவுதான்.

மீதி எல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. நான் மேசையோடு சாய்ந்து விழுந்திருக்கிறேன். வருஷம் முழுக்க வலிப்பைப் பற்றியே படிக்கிற பிள்ளைகள், "இரும்பு குடு, கையில இரும்பு குடு" என்று கத்தியிருக்கிறார்கள். ஒருவன் கார் சாவியை நீட்டினானாம். "அது பிளாஸ்டிக்குடா" என்று இன்னொருவன் தட்டிவிட்டானாம். கூண்டு மூடியைக் கொண்டுவந்தால், "அது ஸ்டீலு, அதுக்கு நிக்காது" என்று ஒரு வாக்குவாதம். கடைசியில் பூந்தமல்லிக்காரர்தான் எலியின் தலையை வெட்டுகிற பழைய கத்தரியை எடுத்து என் கையில் திணித்திருக்கிறார். கண் விழித்தபோது அதைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன். உள்ளங்கை கிழிந்து புடவையெல்லாம் ரத்தம்.

"இன்னாம்மா நீ, காக்கா வலிப்பு கீதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா? உன்னப் பாத்து என் உசுரே பூட்ச்சு" என்றார் அவர். உடனே மற்றவர்கள் பக்கம் திரும்பி, "ஒயரு மாட்டாமலே!" என்றார். யாரோ சிரித்தார்கள்.

மாணவி அழுதுகொண்டிருந்தாள். எனக்காக என்று நினைத்தேன். "அந்த எலி ரீடிங் போச்சுக்கா. நீங்க விழுந்ததுல வாட்ச நிறுத்தவே இல்ல" என்றாள்.

துறைத்தலைவர் வந்தார். வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நிற்கப் பார்த்தேன், கால் நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே, "சார், அனுப்பிடாதீங்க சார், வீட்ல சேக்க மாட்டாங்க" என்றேன். அவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"என்ன மாத்திரைம்மா போடுறீங்க?"

சொன்னேன். அவர் முகம் மாறியது. குனிந்தார்.

"எத்தனை வருஷமா? வாயத் திறங்க."

திறந்தேன். கட்டைவிரலால் என் மேல் உதட்டைத் தூக்கினார். எலி பிடிக்கிற கையுறையைக் கழற்றாமலேயே தூக்கினார். என் ஈறு தடித்துப் பல்லைப் பாதி மூடியிருக்கும். அது என் பிறவி வாகு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"எல்லாரும் இங்க வாங்க. புக்ல படிச்சீங்களே ஈறு வீக்கம், இந்த மருந்தோட சைடு எஃபெக்ட். இதுதான். கிளாசிக்! எலியில இதக் காட்ட முடியாது, அதுக்கு நாள் பத்தாது."

ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். எனக்கு எச்சில் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினேன். "ஒரு நிமிஷம்மா" என்றார்.

பிறகு எழுந்து, "நீங்க ஒன்னும் பயப்படாதீங்க. வேலையெல்லாம் போகாது. மெஷின் பக்கம் மட்டும் வராதீங்க" என்றார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வீட்டில் கையைக் கூண்டு கீறிவிட்டது என்று சொன்னேன். அங்கே நான் விழுந்தது அண்ணிக்கு இன்றுவரை தெரியாது.

இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடம் வரும்போது வகுப்பிலிருந்து யாராவது வந்து, "அக்கா, சார் கூப்பிடுறாரு" என்பார்கள். கை கழுவி, வாய் கொப்பளித்துவிட்டுப் போவேன். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டிருக்கும். வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து உதட்டை நானே தூக்கிக் காட்டுவேன். போன வருஷம் ஒரு பையன் போனில் படம் எடுத்தான். நான் தலையைத் திருப்பினேன்.

"மூஞ்சி வராதுக்கா, வாய் மட்டும்தான்" என்றான்.

திரும்ப நேராக உட்கார்ந்துகொண்டேன்.