அப்பாவுக்குப் பேசிய கூலி

அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்தபோது அம்மா இல்லை. எனக்கும் கல்யாணம் ஆகவில்லை. உலகச் சண்டை நடந்த காலம். மழை பெய்து நிலம் நனைந்திருந்தது. ஏர் ஓட்டினாலும் மனசு வீட்டிலேயே இருந்தது. அவர் தண்ணீர் கேட்டிருப்பாரோ என்று பாதி உழவில் ஓடி வருவேன்.

அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக் காரிமங்கலம் சந்தையில் மூன்று வாரம் அலைந்தேன். அங்கே அப்போது நல்ல மாடுகள் வரும், அது வேறு கதை. கடைசியில் புருஷனை இழந்த ஓர் அம்மாள் வீட்டுக்கு வந்தார். பண்ணையாளுக்குப் பேசுகிற மாதிரியே அவரிடமும் பேசிவிட்டேன்.

"வருசத்துக்கு நாலு மூட்டை ராகிங்க்கா. அறுப்பு முடிஞ்சதும் அளந்துடறேன்."

அவர் அப்பா படுத்திருந்த கட்டிலைப் பார்த்தார். "பெரியவரு அறுப்பு வரைக்கும் இருப்பாருங்களா? நடுவுல போயிட்டா என் ராகிய யாருகிட்ட கேக்கறது?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பா கோணிய வாயோடு சிரித்தார்.

"அவ கேக்கறது நாயந்தான்டா. மாசாமாசம் அளந்துடு."

அந்த அம்மாள் தங்கினார். அப்பா காதில் விழக்கூடாதென்று மாதாமாதம் வீட்டின் பின்பக்கம் போய்த்தான் ராகியை அளப்பேன். அப்படியும் உள்ளேயிருந்து குரல் வரும்.

"அளந்துட்டியாடா?"

"அளந்துட்டேம்ப்பா."

"அப்ப இன்னொரு மாசம் கெடக்கறேன்."