வரைபடத்தில் நனையாத எங்கள் ஒழுங்கை

இல்யாஸ் தம்பியை அறிந்த எல்லோருக்கும்,

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்தொரு வயதில் எழுதப் பழகிய கை. ஒரு வரி ஏறினால் அடுத்தது இறங்குகிறது. இந்த நினைவு மலரை அச்சுக்கு எடுப்பவருக்குக் கண் வலித்தால் என்னைத் திட்டலாம். ஆனாலும் வேறொருவரிடம் சொல்லி எழுதுவிக்க மனம் வரவில்லை. இவரைப் பற்றி நானே எழுத முடிகிறதே என்ற சந்தோஷம், அவர் போய்விட்ட துக்கத்தோடு சேர்ந்தே இருக்கிறது.

விடியற்காலையில் அவர் இறந்த செய்தியைச் சொன்னவர் எங்களிடம் இறால் வாங்க வரும் காத்தான்குடி வியாபாரி. மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவுமில்லை. "ஐயா, மெப் கீறுற இல்யாஸ் காக்கா சுபஹோட மௌத்தாகிட்டாரு. நெஞ்சு வலியாம்." நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. பள்ளிவாசல் வெளியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வீடு வீடாகப் போய் விவரம் சேர்த்து, அதைக் கணினியில் நகரத்தின் வரைபடமாக மாற்றுவது நகர அலுவலகத்தில் அவருடைய வேலை. அப்படித்தான் எங்கள் ஒழுங்கைக்கும் வந்தார். ஒடுக்கமான சந்து, இருபத்திரண்டு வீடுகள். ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் எங்கள் வாசற்படியைவிட முழங்கால் அளவு உயர்த்திப் போட்ட கொங்கிறீட் வீதி. நாங்கள் கோப்பையின் அடியில் இருப்பதுபோல் இருக்கிறோம். மாரியில் வந்த தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. எங்களுக்கும் இல்லை.

"வெள்ளம் வீட்டுக்குள்ள வாறதா ஐயா?" என்று கேட்டார்.

"ஒரு சொட்டும் வாறல்ல தம்பி."

அவர் உள்ளே பார்த்தார். "அப்ப அலுமாரிய என்னத்துக்குக் கல்லுக்கு மேல ஏத்தி வெச்சிரிக்கீங்க?"

"கறையானுக்கு."

"கட்டிலும் கல்லுக்கு மேல இரிக்கு."

"அதுவும் மரந்தானே."

சிரித்தார். "நீங்க சொல்றதத்தான் நான் எழுதலாம். நான் பாத்தத எழுத இந்தப் படிவத்தில இடமில்ல." நான் கைநாட்டு வைத்தேன்.

ஏன் பொய் சொன்னேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். வெள்ளம் ஏறும் வீட்டுக்காரரை எல்லாம் குடியெழுப்பி, உள்ளே வயல்வெளியான உன்னிச்சைப் பக்கம் அனுப்பப் போகிறார்கள் என்று அப்போது ஒரு கதை உலாவியது. வலை இழுக்கிறவன் வயலுக்குள் போய் என்ன செய்வான்? மற்ற இருபத்தொரு வீட்டுக்கும் நடந்துபோய், "தண்ணி வாறல்ல எண்டு சொல்லுங்க" என்று படிப்பித்தவன் நான்தான்.

பிறகு மண்டபத்தில் திரை கட்டி வரைபடத்தைக் காட்டினார்கள். தண்ணீர் ஏறும் வீடு நீலம், ஏறாத வீடு வெள்ளை. எங்கள் ஒழுங்கை துவைத்துக் காயப்போட்ட சாரன் மாதிரி வெள்ளையாக இருந்தது. நாங்கள் கை தட்டினோம். அதற்குப் பிறகுதான் சொன்னார்கள், நீலம் கூடிய இடத்துக்கே முதலில் வெள்ளம் வடிய வடிகான் வரும் என்று.

வெளியே வந்து அவரைப் பிடித்தேன். "முந்தி சத்தம் போட்டவங்கட வீதிக்கு வடிகான் போச்சு ஐயா. ஏழையிட சத்தம் கேக்காது எண்டுதான் இந்தக் கணக்கையே கொண்டுவந்தம். கணக்குக்கும் நீங்க வாய் திறக்கல்லயே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

அந்த மாரியில் தண்ணீர் அளக்கும் தடியோடு எங்கள் ஒழுங்கைக்குள் இறங்கியவர், வெள்ளம் ஏறித் திரும்பிப் போக முடியாமல் எங்கள் வீட்டில் அகப்பட்டுக்கொண்டார். நான், மனைவி பிலோமினா, அவர், மூவரும் கட்டிலின் மேல். கீழே எங்கள் சட்டி பானை மிதந்தது. பிலோமினா தேத்தண்ணீரை நீட்டி, "தம்பி, கறையான் நல்லா நீந்துது, பாத்தீங்களா?" என்றாள். அவர் சிரித்ததில் தேத்தண்ணீர் சட்டையில் கொட்டியது.

"பிழை எண்டு ஒரு கடிதம் தாங்க, திருத்தலாம்," என்றார்.

"நீங்க எழுதுங்க, நான் கைநாட்டு வெக்கிறன்."

"உங்கட கைநாட்டு ஒருக்காப் பொய் சொல்லிட்டு ஐயா. இந்தமுற நீங்களே எழுதுங்க."

"உண்மையச் சொன்னா எங்கள எழுப்ப மாட்டாங்களா?"

அவர் அளக்கும் தடியைக் கட்டிலிலிருந்தே தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். "எனக்குத் தெரியா. எழுப்ப மாட்டாங்க எண்டு நான் சொன்னா, அதுவும் கறையான் கததான்."

கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு நடந்த எழுத்து வகுப்பில் அதற்காகவே சேர்ந்தேன். மாதங்கள் போயின. கடைசியில் மூன்று வரி எழுதினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார், ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. கணினியைத் தட்டினார். எங்கள் வீடு நீலமானது. தொழில் தொடங்கிய நாளில் முதல் மீன் பிடித்தபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. அவர்தான் மெதுவாகச் சொன்னார்: "ஒரு வீட்டுக்கு வடிகான் வெட்ட மாட்டாங்க ஐயா."

அயல்வீட்டு ஞானம்மாவிடம் போனேன். "பொய் சொல்லச் சொன்னதும் நீங்க, உண்மை சொல்லச் சொல்றதும் நீங்களா? என்னை எழுப்பினா உங்கட அலுமாரிக்கு மேலயா நான் இரிக்கிற?" என்று கதவைச் சாத்தினாள். மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே பேச்சுத்தான். அதை அவரிடம் சொல்லப் போகலாம் என்றிருந்த கிழமையில்தான் அவர் போய்விட்டார்.

அவருடைய இடத்துக்கு இன்னும் எவரும் வரவில்லை. கடிதம் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள் என்று மட்டும் அலுவலகத்தில் சொன்னார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது "எனக்குத் தெரியா" என்ற அந்தப் பேச்சுத்தான். அத்தனை பயந்த எங்களிடம் ஒரு ஆறுதல் பொய் சொல்லிக் கடிதத்தை வாங்கியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. நேற்று ஞானம்மாவிடம் மறுபடியும் போனேன். எழுப்புவார்களா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அவள் நான் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டாள். "எனக்கு எழுத வராது. நான் சொல்லுறன், நீங்க எழுதுங்க. எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டவேணும்," என்றாள்.

சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டி, ஒரு கடிதம் முடிக்க எனக்கு ஒரு கிழமை, ஏழு நாள், எடுக்கும். வீடுகள் இருபத்தொன்று. மாரிக்குப் பத்துக் கிழமைதான் இருக்கிறது. ஞானம்மாவின் முதல் வரி முடிந்துவிட்டது. இதை மலருக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை அடுத்த கிழமை எழுதுவேன்.