அமுதா அக்கா பாதி வழியில இறங்கிட்டாங்க

இன்னிக்கு காலை கம்பெனி ஷிப்ட் பஸ்ல, எங்க லைன் அமுதா அக்கா விலாவைப் பிடிச்சுக்கினு உக்காந்திருந்தாங்க. முடக்குவாதத்துக்கு ரொம்ப நாளா மருந்து எடுக்குறவங்க.

"ஒரு பக்கமா எரியுது, கொப்புளம் வந்துகீது"ன்னாங்க.

பின் சீட்டு அக்கா, "அக்கிதான். காவி பூசினா போயிடும்"னாங்க.

"என் மருந்து எதிர்ப்பு சக்தியக் குறைக்குமாம். அக்கி மாதிரி தெரிஞ்சா உடனே வரணும்னு டாக்டர் சொல்லிகீறாரு"ன்னு சொல்லி, அமுதா அக்கா சூப்பர்வைசருக்கு அங்கேயே போன் போட்டு லீவ் சொன்னாங்க.

பக்கத்துல உக்கார வந்த திவ்யாகிட்ட, "நீ மாசமா இருக்குற, இது தொத்தினாலும் தொத்தும், தள்ளி உக்காரும்மா"ன்னாங்க. டாக்டரப் பாக்க தண்டலத்துல இறங்கிட்டாங்க.

சாயங்காலம் போன் பண்ணேன். சீக்கிரம் வந்தது நல்லதாப் போச்சுன்னு சொல்லி டாக்டர் மாத்திரை குடுத்தாராம்.

ஜுரத்தோடயே ஓவர்டைம் பாக்குற நம்ம ஆளுங்கள்ல, இப்படி லீவ் சொல்ற தைரியம் யாருக்கெல்லாம் இருக்கு?